மாலை நேரம் யார் கையில்? சென்னைத் தொலைக்காட்சி நிலையத்தின் ஐம்பது ஆண்டுகள்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. தில்லியில் 1959லேயே சோதனை ஒளிபரப்பு வந்துவிட்டது. பம்பாய்க்கு 1972இல், ஸ்ரீநகருக்கும் அமிர்தசரஸுக்கும் 1973இல், கல்கத்தாவுக்குச் சென்னையை முந்திக்கொண்டு ஆறே நாள் முன்பு. சென்னை நிலையம் வந்த பின் ஏறத்தாழ பதினெட்டு ஆண்டுகள் தமிழில் தொலைக்காட்சி என்றால் சேப்பாக்கத்தில் கடற்கரையை ஒட்டிய அந்தக் கட்டடம்தான். போட்டியாளர் எவரும் இல்லாத, அரசுப் பணத்தில் நடந்த, பெயர் தெரியாத வீடே இல்லாத ஒரு நிலையம், தனியார் சேனல்கள் வந்த சில ஆண்டுகளிலேயே பார்வையாளர் நினைவிலிருந்து எப்படி விலகியது? சன் டிவி வந்தது, தூர்தர்ஷன் போனது என்பதே வழக்கமான பதில். காலவரிசைப்படி அது சரி. காரணமாக அது போதாது. ஓர் உள்ளூர் நிலையம் உள்ளூர் நிலையமாக இருப்பது அது பேசும் மொழியால் மட்டும் அல்ல; தன் மாலை நேரத்தில் எதை, எப்போது, எவ்வளவு செலவில் காட்டுவது என்று தானே முடிவெடுக்கும் அதிகாரத்தால். அந்த அதிகாரம் சென்னை நிலையத்திடம் முதலில் கொஞ்சம் இருந்தது, 1982க்குப் பின் பறிபோனது, மொழி திரும்பி வந்த பிறகும் திரும்பி வரவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

நிலையம் பிறந்த நேரம் நல்ல நேரம் அல்ல. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டு ஏழு வாரங்கள் கடந்திருந்தன; பத்திரிகைகளுக்குத் தணிக்கை. அடுத்த ஜனவரியில் தமிழகத்தின் தி.மு.க. அரசே கலைக்கப்பட்டது. அப்படிப்பட்ட நாளில் அரசுத் தொலைக்காட்சியின் செய்தியில் உள்ளூர் அரசியலை எதிர்பார்க்க முடியாது, அது இருக்கவும் இல்லை. ஆனால் செய்தி போக மீதி நேரம் இருந்ததே, அதில்தான் நிலையம் தன் ஊரைக் கண்டுபிடித்தது. தொடக்க ஆண்டுகளில் மாலையில் சில மணி நேரமே ஒளிபரப்பு. அந்தச் சில மணி நேரமும் சென்னையிலேயே திட்டமிட்டது. விவசாயிகளுக்கு 'வயலும் வாழ்வும்', வெள்ளிக்கிழமை திரைப்பாடல்களுக்கு 'ஒளியும் ஒலியும்', ஞாயிறு மாலை திரைப்படம், மேடைக் குழுக்களின் நாடகங்கள், கர்நாடக இசைக் கச்சேரி, பார்வையாளர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் 'எதிரொலி'. இவற்றில் 'எதிரொலி'யை மட்டும் தனியாக எடுத்துப் பார்க்கவேண்டும். 'ஒளியும் ஒலியும்' நேரத்தைக் கூட்டுங்கள், இந்த நாடகம் அறுவை, அந்தப் படத்தை ஏன் போடவில்லை என்று தபால் அட்டையில் எழுதியவர்களுக்குத் திரையிலேயே பதில் வந்தது. பதில் பெரும்பாலும் சமாளிப்புதான். இருந்தாலும் கேள்வியும் பதிலும் ஒரே ஊர்க்காரர்களுக்கு இடையில் நடந்தன. திட்டினால் யார் காதில் விழும் என்று பார்வையாளருக்குத் தெரிந்திருந்தது. சென்னையிலேயே தயாரான டயனோரா, சாலிடேர் தொலைக்காட்சிப் பெட்டிகள் கூடத்தில் வந்து உட்கார்ந்தபோது, அந்தப் பெட்டிக்குள் தெரிந்த உலகமும் ஏறக்குறைய அக்கம்பக்கத்து உலகமாகவே இருந்தது. செய்தி வாசித்த ஷோபனா ரவியும் வரதராஜனும் குடும்பத்தில் ஒருவரைப் போல ஆனதற்கு வேறு சேனல் இல்லாதது ஒரு காரணம்; அவர்கள் இந்த ஊர்த் தமிழை நிறுத்தி, தெளிவாகப் பேசியது இன்னொரு காரணம்.

ஆனால் இந்த உள்ளூர்த்தன்மைக்கு ஓர் எல்லை இருந்தது; அந்த எல்லையைக் கீறியது அலைவரிசை. தொலைக்காட்சி அலை வானொலியின் மத்திய அலையைப் போல மாவட்டங்களைத் தாண்டி ஓடாது. ஏறத்தாழ நேர்கோட்டில் போகும், மலை குறுக்கிட்டால் நிற்கும், நூறு கிலோமீட்டருக்குள் களைத்துவிடும். ஆகவே 'வயலும் வாழ்வும்' எந்த விவசாயிக்காக எடுக்கப்பட்டதோ அந்தத் தஞ்சை விவசாயிக்கும் மதுரை விவசாயிக்கும் நெடுங்காலம் அது எட்டவே இல்லை. அதே 1975இல் சைட் என்ற செயற்கைக்கோள் சோதனை ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சியைக் கொண்டு சென்றது. தமிழகம் அந்தப் பட்டியலில் இல்லை. பிறகு 1984ஐ ஒட்டி நாடெங்கும் குறைந்த சக்தி ஒளிபரப்பிகள் மளமளவென்று நிறுவப்பட்டன. இவை நிலையங்கள் அல்ல. ஒரு கிண்ண ஆன்டெனா, நூறு வாட் ஒளிபரப்பி, ஒரு சிறு கட்டடம், இரண்டு மூன்று பொறியியல் ஊழியர்கள். செயற்கைக்கோளில் வருவதை வாங்கிச் சுற்று வட்டாரத்துக்குத் திருப்பி அனுப்புவது மட்டுமே அவற்றின் வேலை. செயற்கைக்கோளில் வந்தது எது? தில்லி. சென்னையின் மாலை நிகழ்ச்சியைத் திருச்சிக்கோ கோவைக்கோ கொண்டுசேர்க்கத் தனி இணைப்பு வேண்டும்; அது பின்னால்தான் வந்தது. இதன் விளைவைச் சரியாகக் கவனித்தவர்கள் குறைவு. தமிழகத்தின் பல நகரங்களில் தொலைக்காட்சி முதன்முதலாக அறிமுகமானபோதே இந்தியில்தான் அறிமுகமானது. தென்கோடிக் கரையோரத்தில் நிலைமை இன்னும் விசித்திரம். இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரியில் தொடங்கியதும், மாடியில் ஆன்டெனாவை உயர்த்திக் கட்டி, பூஸ்டர் மாட்டி, புள்ளி புள்ளியாக விழும் படத்தில் அண்டை நாட்டின் நிகழ்ச்சிகளைப் பார்த்தார்கள். சொந்த மாநிலத் தலைநகரின் நிலையம் தெரியாது, கடலுக்கு அப்பால் உள்ளது தெரியும். எண்பதுகளின் பிற்பகுதியில் கொடைக்கானல் மலையுச்சி ஒளிபரப்பி வந்த பிறகுதான் தென்மாவட்டங்கள் சென்னையோடு ஒழுங்காகச் சேர்ந்தன. பிற்பாடு இராமேசுவரத்தில் 323 மீட்டர் உயரத்துக்கு ஒரு கான்கிரீட் கோபுரமே எழுப்பினார்கள், நாட்டிலேயே மிக உயரமானது. கோபுரம் கட்டும் உற்சாகம் நிகழ்ச்சி தயாரிக்கும் உற்சாகமாக மாறவில்லை.

மாலை நேரத்தை இழந்த கதை 1982 ஆகஸ்ட் 15இல் தொடங்குகிறது. ஆசிய விளையாட்டுப் போட்டிகளை முன்னிட்டு வண்ண ஒளிபரப்பும் செயற்கைக்கோள் வழி தேசிய நிகழ்ச்சியும் அன்றுதான் வந்தன. இரவு எட்டரை மணி வாக்கில் எல்லா நிலையங்களும் தங்கள் நிகழ்ச்சியை முடித்துக்கொண்டு தில்லியோடு இணையவேண்டும். எட்டரை மணி என்பதைச் சாதாரணமாக நினைத்துவிடக் கூடாது. வேலைக்குப் போனவர் வீடு திரும்பி, சாப்பாடு முடிந்து, குடும்பம் ஒன்றாக உட்காரும் நேரம் அது. விளம்பரதாரர் கூடுதல் பணம் தரும் நேரமும் அதுவே. 1976 முதலே தூர்தர்ஷனில் விளம்பரம் உண்டு. ஆகவே நேரத்தோடு சேர்ந்து வருமானமும் தில்லிக்குப் போனது. 1984இல் 'ஹம் லோக்', 1987இல் 'ராமாயண்', அடுத்து 'மஹாபாரத்' என்று தொடர் யுகம் வந்தபோது, அதைத் தயாரிக்கும் பணமும் ஆளும் நேரமும் ஒரே இடத்தில் குவிந்தன. சென்னைக்கு மிஞ்சியது ஆறு மணிக்கும் எட்டரை மணிக்கும் இடைப்பட்ட பொழுது. செய்தியையும் கட்டாய அறிவிப்புகளையும் கழித்தால் அதுவும் சுருங்கும்.

தேசிய நிகழ்ச்சியை ஆதரித்தவர்களிடம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே இரவில் நாடு முழுவதும் ஒரு நிகழ்வைச் சேர்ந்து பார்ப்பது அதற்கு முன் நடக்காத காரியம். அதன் பயன் பெரிது. இந்தி ஓர் எழுத்தும் தெரியாத தமிழ் வீடுகளில்கூட ஞாயிறு காலை 'ராமாயண்' ஓடியது உண்மை. அப்படியானால் பார்வையாளர் விரும்பியதைத்தானே தில்லி கொடுத்தது என்று கேட்கலாம். இந்தக் கேள்வியில் ஒரு நழுவல் இருக்கிறது. ஒரே கடை உள்ள ஊரில் எல்லாரும் அங்கே வாங்குவதை விருப்பம் என்று கணக்கெழுத முடியாது. மேலும் இராம கதை தெரிந்த கதை, மொழி தெரியாமலே பின்தொடரலாம்; வாரநாளின் இந்திச் செய்தியையும் இந்திக் கலந்துரையாடலையும் அப்படிப் பார்க்க முடியாது. சிக்கல் தேசிய நிகழ்ச்சி இருந்ததில் அல்ல, அது எந்த நேரத்தில் வரும் என்பதை உள்ளூர் நிலையத்தோடு பேசாமல் தீர்மானித்ததில்தான். பி.சி. ஜோஷி தலைமையிலான குழு 1980களின் நடுவில் தந்த அறிக்கையே, தொலைக்காட்சி தில்லியை மையமாக்கிக்கொண்டு போவதை வெளிப்படையாகக் கண்டித்து, அதிகாரத்தைப் பரவலாக்கச் சொன்னது. கருவி வளர்ந்த வேகத்தில் நிகழ்ச்சி வளரவில்லை என்று அரசு அமைத்த குழுவே எழுதிய பிறகும் நடைமுறை மாறவில்லை.

ஏன் மாறவில்லை என்பதைப் புரிந்துகொள்ள நிலையத்தின் உள்ளமைப்பைப் பார்க்கவேண்டும். ஒளிபரப்பு நிலையம் ஒன்றின் அன்றாட வேலை 'ஃபிக்சட் பாயின்ட் சார்ட்' என்ற அட்டவணையில் தொடங்குகிறது. வரும் மூன்று மாதத்துக்கு எந்தக் கிழமை, எந்த நிமிடம், எந்த வகை நிகழ்ச்சி என்று கட்டம் போட்டு எழுதிவைப்பது அது. அதிலிருந்து ஒவ்வொரு நாளுக்கும் கியூ ஷீட் பிறக்கும். அந்தத் தாளின்படி பணி அதிகாரி நாடாக்களை வரிசைப்படுத்துவார், கட்டுப்பாட்டு அறை அவற்றை ஓட்டும், படம் அறுந்தால் 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' அட்டை போகும், அறுந்த நேரம் பதிவேட்டில் ஏறும். அட்டவணையில் தில்லிக்கென்று ஒதுக்கிய கட்டத்தை உள்ளூரில் தொட முடியாது. அதைவிட முக்கியம், நிலையத்துக்குள் மூன்று தனித்தனி வரிசைகள் உண்டு. நிகழ்ச்சிப் பிரிவு ஒரு வரிசை. பொறியியல் பிரிவு தன் மேலதிகாரிகளுக்குப் பதில் சொல்லும் இன்னொரு வரிசை. செய்திப் பிரிவோ மத்திய அரசின் தகவல் பணி அதிகாரிகள் நடத்தும் மூன்றாவது வரிசை. மூன்றும் சேர்கிற இடம் சென்னை அல்ல, தில்லி. நிலைய இயக்குநர் என்று பலகையில் பெயர் இருப்பவருக்குத் தன் செய்தி அறைமீது முழு அதிகாரம் கிடையாது, ஒளிபரப்பிமீதும் கிடையாது. நாம் தொலைக்காட்சியின் முகம் என்று நினைத்த செய்தி வாசிப்பாளர்களில் பலர் நிரந்தர ஊழியர்களே அல்லர், வாசிக்கும் செய்திக்கு இவ்வளவு என்று கூலி வாங்கியவர்கள். ஓர் உள்ளூர் நாளிதழின் ஆசிரியரை இப்படிக் கட்டிப்போட்டால் அந்த நாளிதழ் எத்தனை நாள் தாங்கும்?

இந்த வெற்றிடத்தை முதலில் மோப்பம் பிடித்தது செயற்கைக்கோள் அல்ல, விடியோ கேசட். கலாநிதி மாறன் 1990இல் 'பூமாலை' என்ற மாத விடியோ இதழைத் தொடங்கினார். ஒரு கேசட்டில் தமிழ்ச் செய்தியைப் பதிந்து, வாடகைக் கடை வழியாக வீட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு. நிலையம் ஒன்று ஊரிலேயே இருக்கும்போது தமிழகச் செய்தியைக் கேசட்டில் வாடகைக்கு எடுத்துப் பார்க்கும் ஆள் இருந்தார்கள் என்பதே அந்த நிலையத்தின்மீது எழுதப்பட்ட தீர்ப்பு. அவரே தொடங்கிய சன் டிவி 1993 ஏப்ரல் 14 அன்று வந்தபோது அது புதிய தேவை எதையும் உண்டாக்கவில்லை. பத்தாண்டாகக் காலியாக விடப்பட்ட தமிழ் மாலையில் நுழைந்தது, அவ்வளவுதான். தனியார் பகட்டுதான் அரசு நிலையத்தை வீழ்த்தியது என்பவர்கள் இந்த இடைவெளியைக் கணக்கில் எடுப்பதில்லை.

தமிழருக்கு வேண்டியது சினிமாதான், அரசு நிலையம் என்ன செய்திருந்தாலும் தோற்றிருக்கும் என்பது இன்னொரு மறுப்பு. 'ஒளியும் ஒலியும்' வரும் வெள்ளிக்கிழமைகளில் தெரு வெறிச்சோடியதை இதற்குச் சான்று காட்டுவார்கள். சினிமாப் பசி உண்மைதான். ஆனால் அதே நிலையத்தில் எஸ்.வி. சேகரின் 'வண்ணக் கோலங்கள்' நகைச்சுவைக்காகவே பேசப்பட்டது, கே. பாலசந்தரின் 'ரயில் சினேகம்' தமிழ்த் தொலைக்காட்சித் தொடர் என்ற வடிவத்துக்கே இலக்கணம் போட்டது. பின்னாளில் தனியார் சேனல்கள் மெகா தொடரில் கோடி கோடியாகச் சம்பாதித்த கலை சென்னை நிலையத்தில் பழகிய கலை. நடிகர்களும் வசனகர்த்தாக்களும் இயக்குநர்களும் இங்கே கைபழகி அங்கே போனார்கள். பார்க்க ஆள் இல்லாமல் அல்ல, வளர்த்தெடுக்க நேரமும் பணமும் இல்லாமல்தான் அந்த வடிவம் கைமாறியது. இதில் சினிமாவைப் பழிப்பதற்கு எதுவும் இல்லை.

இந்த வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி வேறு. 1993லேயே தூர்தர்ஷன் தமிழுக்குத் தனிச் செயற்கைக்கோள் சேனல் கொடுத்துவிட்டது. 2000இல் அதற்குப் பொதிகை என்று பெயரும் வைத்தது. நாள் முழுக்கத் தமிழ், மாலை முழுக்கத் தமிழ். கேபிள் சட்டம் 1995இலேயே குறைந்தது இரண்டு தூர்தர்ஷன் சேனல்களை ஒவ்வொரு கேபிள்காரரும் கட்டாயம் தரவேண்டும் என்று விதித்தது, எனவே வீட்டுக்கு எட்டவில்லை என்றும் சொல்ல முடியாது. நேரமும் மொழியும் கிடைத்த பிறகும் நிலையம் ஏன் எழவில்லை? நேரத்தைக் கொடுத்தவர்கள் முடிவைக் கொடுக்கவில்லை என்பதே பதில். 1990இல் நிறைவேறி 1997இல்தான் நடைமுறைக்கு வந்த, தூர்தர்ஷனையும் வானொலியையும் ஒரு தன்னாட்சிக் கழகத்தின்கீழ் கொண்டுவந்த பிரசார் பாரதி சட்டம், பல்வேறு வட்டாரங்களின் பண்பாட்டுக்கும் மொழிக்கும் போதிய இடம் தரவேண்டும் என்று 12ஆம் பிரிவில் அழகாகச் சொல்கிறது. அதே சட்டம் அமைத்த நிர்வாக வாரியத்தில் மாநிலங்களுக்கோ வட்டார நிலையங்களுக்கோ ஓர் இடம்கூட இல்லை. சாம் பிட்ரோடா தலைமையிலான வல்லுநர் குழு 2014இல் தந்த அறிக்கையில், பிரசார் பாரதியின் செலவில் நிகழ்ச்சிக்குப் போவது சிறு பங்கே என்பதைச் சுட்டிக்காட்டியது. ஆண்டுக்கணக்கில் புதிய ஆள் எடுப்பு நின்றுபோக, பழகியவர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டே இருந்தார்கள்.

முடிவு யாரிடம் என்பதற்கு அண்மைக் காலம் இரண்டு காட்சிகளைத் தந்தது. 2019 செப்டம்பர் 30 அன்று சென்னை ஐஐடி வளாகத்தில் பிரதமர் பேசினார். மறுநாள் சென்னைத் தூர்தர்ஷன் உதவி இயக்குநர் ஒருவர் இடைநீக்கம் செய்யப்பட்டார். ஆணையில் காரணம் இல்லை. பிரதமரின் உரை ஒன்றை நேரலையில் தராததே காரணம் என்று நாளிதழ்கள் எழுதின. அடுத்து 2024. அந்த ஜனவரி 19 அன்று பொதிகை புதுப்பிக்கப்பட்டு டிடி தமிழ் ஆனது. அக்டோபரில் நிலையத்தின் பொன்விழாவை இந்தி மாத நிறைவு விழாவோடு சேர்த்து நடத்தினார்கள். தமிழ்த்தாய் வாழ்த்தில் ஒரு வரி விடுபட்டு, சர்ச்சையாகி, நிலையம் வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது. வரி விட்டது கவனக்குறைவு என்ற விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்ளலாம். தமிழ்த் தொலைக்காட்சியின் பொன்விழாவுக்கு இந்தி மாதம்தான் பந்தல் என்று முடிவு செய்தது கவனக்குறைவு அல்ல, அலுவலக நாட்காட்டி.

அப்படியானால் நிலையத்தை மாநில அரசிடம் ஒப்படைத்துவிடலாமா? கூடாது. கட்சிக்கொரு சேனல் வைத்திருக்கும் மாநிலம் இது. ஆட்சி மாறியபோதெல்லாம் கேபிள் தொழிலும் கைமாறியது. 2007இல் தொடங்கிய அரசு கேபிள் நிறுவனம் சிலகாலம் கிடப்பில் போடப்பட்டு 2011இல் உயிர்பெற்றது. இந்த அரசியலில் மாநிலத் தொலைக்காட்சி என்றால் ஆளுங்கட்சித் தொலைக்காட்சி என்றே பொருள்படும். ஒலிபரப்புத் தன்னாட்சியை ஆராய்ந்த வர்கீஸ் குழு 1978இல் இதே அச்சத்தில்தான், மாநிலத்துக்கொரு கழகம் வேண்டாம், தேசிய அளவில் ஒரே அறக்கட்டளை போதும், ஆனால் முடிவெடுக்கும் அதிகாரம் கீழ்மட்டம்வரை இறங்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. ஏறக்குறைய அரை நூற்றாண்டு கழித்தும் அதைவிடத் தெளிவான யோசனையை யாரும் சொல்லவில்லை. பரிந்துரையின் முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டாம் பாதியைக் கைவிட்டதுதான் நடந்தது.

இத்தனை தனியார் தமிழ்ச் சேனல்கள் இருக்கையில் இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. தனியார் சேனல் தமிழ்ச் சேனல்தான், உள்ளூர்ச் சேனல் அல்ல. உலகெங்கும் உள்ள தமிழ்ச் சந்தைக்காக எடுக்கும் தொடரில் விழுப்புரத்து மணிலா விலைக்கு இடம் இருக்காது. மாவட்டச் செய்தி இன்று நகரத்துக் கேபிள் அறைகளில் நடக்கும் லோக்கல் சேனல்களில் வாழ்கிறது, கல்யாண மண்டப விளம்பரத்துக்கும் நகைக்கடை ஸ்க்ரோலுக்கும் நடுவில். திருவையாற்று ஆராதனையின் பஞ்சரத்ன கீர்த்தனைகளையும் திருவண்ணாமலை தீபத்தையும் ஆண்டுதோறும் அலுக்காமல் நேரலையில் கொடுத்துவருவது தூர்தர்ஷன்தான். விளம்பரம் வருமா வராதா என்று கேட்காமல் செய்யவேண்டியவை இன்னும் நிறைய உள்ளன: சட்டமன்ற விவாதம், புயல் நாளின் எச்சரிக்கை, ஊராட்சிக் கணக்கு, நிலையத்தின் பழைய பதிவுகளில் அழியாமல் தப்பியவற்றை ஒழுங்குபடுத்தி மக்களுக்குத் திறந்துவிடுவது. நாடா விலை கூடிய காலத்தில் ஒன்றின்மேல் ஒன்று பதிந்து எத்தனையோ அழிந்தன. மிஞ்சியதாவது தமிழ்நாட்டின் பொதுச் சொத்து.

தரைவழி ஒளிபரப்பிகளில் பெரும்பாலானவற்றைப் பிரசார் பாரதி 2022 வாக்கில் மூடிவிட்டது. கோபுரமும் ஆன்டெனாவும் கேட்ட காலம் முடிந்தது. தூரம் இனி சாக்கு அல்ல. ஒளிபரப்புக் கட்டமைப்பை மேம்படுத்த 2023 ஜனவரியில் ஒன்றிய அமைச்சரவை 2,539 கோடி ரூபாய்க்கு மேல் ஒப்புதல் அளித்திருப்பதால், பணமே இல்லை என்றும் சொல்ல முடியாது. மிச்சம் இருப்பது நிர்வாக முடிவுகள் சில. மாலை ஆறு முதல் பத்து வரையிலான அட்டவணையைச் சென்னையிலேயே போடட்டும். நிகழ்ச்சி, செய்தி, பொறியியல் மூன்றும் ஒரே நிலையத் தலைமையின்கீழ் வரட்டும். நிகழ்ச்சிக்கான தொகையைத் தில்லியின் கோப்புக்குக் காத்திராமல் செலவிடும் உரிமையும், செலவின் கணக்கை ஆண்டுதோறும் பொதுவில் வைக்கும் கடமையும் அந்தத் தலைமைக்குச் சேரட்டும். 'எதிரொலி'க்குக் கடிதம் எழுதியவர்களின் பிள்ளைகள் இவற்றைத் தமிழகத்தின் மக்களவை உறுப்பினர்களிடம் கேட்கவேண்டும்; முப்பத்தொன்பது பேர் இருக்கிறார்கள்.